முதல் நாள் மணல், இரண்டாம் நாள் மீன்

ஆஸ்டோரியாவில் முதல் நாள் நாங்கள் பிடித்தது மணல். ஐந்து பேர், இருபது அடி நீள அலுமினியப் படகு, ஐந்து தூண்டில்கள், ஒரு பெரிய தூக்கு நிறையப் புளியோதரை, இத்தனையும் ஆற்றின் நடுவே ஒரு திட்டின் மேல் மூன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தன. கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தவர்கள் நாங்கள் ஏதோ வேண்டுதல் செலுத்துகிறோம் என்று நினைத்திருக்கலாம்.

ஓரிகன், வாஷிங்டன் என்ற இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடிவந்து கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் விழும் இடத்தில் இருக்கிறது ஆஸ்டோரியா. 1811-ல் தோல் வணிகத்துக்காக எழுந்த கோட்டை, பிறகு சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் ஊர், இப்போது வார இறுதியில் வந்து போகிறவர்களின் ஊர். போர்ட்லாந்தின் மேற்குப் புறநகர்களில் இருக்கும் எங்களைப் போன்ற கணினிக்காரர்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம். நாங்கள் தேடிப்போனது வெள்ளை ஸ்டர்ஜன். நம் ஊர்க் கடலிலோ ஆற்றிலோ இந்த இனம் கிடையாது, அதனால் தமிழில் பெயரும் இல்லை. செதில் இல்லாத உடல், முதுகிலும் விலாவிலும் வரிசை வரிசையாக எலும்புத் தகடுகள், சுறாவைப் போல மேல்மடல் நீண்ட வால், மூக்குக்கு அடியில் நான்கு மீசைகள், பல் இல்லாமல் குழாய்போல நீளும் வாய். வட அமெரிக்காவின் நன்னீரில் காணப்படும் மீன்களிலேயே பெரியது இதுதான். நூறு வயதைத் தாண்டக்கூடியது.

இதை நான் முதலில் பார்த்தது பானவில் அணைக்கட்டுக்குப் பக்கத்திலுள்ள மீன் பண்ணையில். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஹெர்மன் என்று பெயரிடப்பட்ட பத்தடி ஸ்டர்ஜன் ஒன்று இருக்கிறது. அது குழந்தைகளின் மூக்குகளைக் கடந்து, ஓய்வு பெற்ற தாசில்தார் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போல நிதானமாகச் சுற்றிவரும். அன்றைக்குத் தொற்றிய ஆசைதான் இந்தப் பயணம்.

எங்கள் குழுவைச் சொல்ல வேண்டும். படகுக்குச் சொந்தக்காரர் சேலத்துக்காரர். மோட்டார் படகு ஓட்ட இங்கே கட்டாயமான பயிற்சி அட்டையை முறையாக வாங்கி வைத்திருந்தார். ஆனால் அதுவரை ஓட்டியதெல்லாம் ஏரியில்தான். கும்பகோணத்துத் தம்பிதான் எங்களில் இளையவன். எதற்கும் ஓர் அட்டவணை போடுகிறவன். யார் எந்தக் காரில் வருவது, யார் எந்தச் சாதம் கட்டி வருவது, அறை வாடகையில் யாருக்கு எவ்வளவு என்று பதினோரு பத்திகள் போட்டிருந்தான். மதுரைக்காரருக்கு ஒரே கேள்வி: “இதைக் குழம்பு வைக்கலாமா, வறுக்க வேண்டுமா?” நாகர்கோவில் அண்ணன் கடற்கரை ஊரில் பிறந்தும் படகில் ஏறினால் தலைசுற்றுகிறவர். ஐந்தாவது நான். பரங்கிப்பேட்டைக்காரன். வெள்ளாற்று முகத்துவாரத்தில் வளர்ந்தவன். நடந்ததில் அதிகமாக வெட்கப்பட வேண்டியவனும் நான்தான்.

காரணம் இது. தம்பியின் பதினோரு பத்திகளில் ஓதத்துக்கு, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரத்துக்கு, ஒரு பத்தி இல்லை. அதை நானும் கேட்கவில்லை. எல்லோருக்கும் எந்தச் சனிக்கிழமை வசதி என்று பார்த்தோமே தவிர, அந்தச் சனிக்கிழமை ஆற்றுக்கு வசதியா என்று பார்க்கவில்லை.

அனுமதிச் சீட்டு விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தோம். மீன்பிடி உரிமம் ஆளுக்கு ஒன்று தேவை. அதோடு சால்மன், ஸ்டர்ஜன் போன்றவற்றுக்கான தனி அட்டையும், கொலம்பியா ஆற்றுப் படுகைக்கான கூடுதல் சீட்டும் வாங்க வேண்டும். விதிகளோ ஆண்டுக்கு ஆண்டு மாறும், சில சமயம் வாரத்துக்கு வாரம் மாறும். போன வருடம் போனவர் சொன்னதை நம்பாமல், கிளம்பும் முந்தைய நாள் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்ப்பதே சரி. நாங்கள் போன ஜூன் வாரத்தில் பிடித்ததைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பதே விதி. மதுரைக்காரருக்கு இதைக் கிளம்பிய பிறகுதான் சொன்னோம். முன்பே சொல்லியிருந்தால் அவர் எலுமிச்சைச் சாதம் கட்டி வந்திருக்க மாட்டார்.

சனிக்கிழமை ஏற்றம் உச்சத்தில் இருந்தது காலை ஆறு மணிக்கு. நாங்கள் படகை இறக்கும் சரிவுக்கு வந்து சேர்ந்தது எட்டு மணிக்கு. நடுவில் என்ன செய்தோம்? காபி குடித்தோம், படம் எடுத்தோம், மறந்துபோன நங்கூரக் கயிற்றுக்காக ஒருவர் விடுதிக்குத் திரும்பிப் போய்வந்தார். எட்டரைக்கு நீண்ட பாலத்தைத் தாண்டி, பரந்த ஆழமற்ற பகுதியில் ஐந்தடித் தண்ணீரில் நங்கூரம் போட்டோம். ஆழமற்ற இடத்தில் போட்டது பிழையில்லை. கோடையில் ஸ்டர்ஜன்கள் நெத்திலியையும் சேற்று இறாலையும் தேடி இந்தத் திட்டுகளின் ஓரங்களில்தான் மேயும். எங்கள் பிழை, தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போது அங்கே போட்டதும், போட்ட பிறகு ஆழத்தைப் பார்க்காததும்.

ஏன் பார்க்கவில்லை என்றால் தூண்டில் நுனிகள் ஆடிக்கொண்டே இருந்தன. ‘கடிக்கிறது, கடிக்கிறது’ என்று ஐவரும் மாறி மாறி இழுத்தோம். ஒவ்வொரு முறையும் வெறும் முள்தான் வந்தது. கீழே இருந்தவை நண்டுகள். இந்த முகத்துவாரத்து நண்டுகளுக்கு இலவச நெத்திலி விருந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தோம். பத்தே முக்கால் மணிக்குப் படகின் அடிவயிற்றில் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். சேலத்துக்காரர் இயந்திரத்தை முடுக்கினார். விசிறி பழுப்பாக மணலை வாரி இறைத்தது. அவர் உடனே நிறுத்தி இயந்திரத்தை மேலே தூக்கிவிட்டார். அன்று எங்களில் யாராவது சரியாகச் செய்த ஒரே காரியம் அது. முடுக்கிக்கொண்டே இருந்திருந்தால் குளிரூட்டும் நீர்க்குழாய் முழுக்க மணல் அடைத்து இயந்திரமே போயிருக்கும்.

நாங்கள் உட்கார்ந்த திட்டின் பெயர் டெஸ்டிமோனா மணல். 1857-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் டெஸ்டிமோனா என்ற பாய்மரக் கப்பல் அங்கே தட்டி நின்று அழிந்தது. அதிலிருந்து வந்த பெயர். புத்தாண்டுக்குள் ஆஸ்டோரியா வந்து சேர்ந்தால் ஒரு புது உடுப்பு வாங்கித் தருவதாகக் கப்பல் முதலாளி தலைவனிடம் சொல்லியிருந்தாராம், அந்த அவசரத்தில்தான் இப்படி ஆயிற்று என்று ஒரு கதை சொல்கிறார்கள். தம்பி கைப்பேசியில் இதைப் படித்துச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. நாங்களும் காலண்டரைப் பார்த்து வந்தவர்கள்தானே.

ஆபத்தில்லை, ஆனால் நகர முடியவில்லை என்று படகின் இருவழி வானொலியின் பதினாறாம் அலைவரிசையில் கடலோரக் காவல் படைக்குத் தெரிவித்தோம். ஐவரும் மிதவைச் சட்டை அணிந்திருக்கிறோமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கைப்பேசி மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் ஒரு வானொலிக் கருவி வாங்கிக்கொள்வது நல்லது. பிறகு புளியோதரையைத் திறந்தோம். தட்டிப்போன படகில் சாப்பிடும் புளியோதரைக்கு ஒரு தனி ருசி இருக்கிறது என்று எழுத ஆசைதான். உண்மையில் தொண்டையில் இறங்கவில்லை. சற்றுத் தள்ளி, கப்பல் கால்வாயில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் போயிற்று. அது போய்ச் சில நிமிடம் கழித்து அதன் அலை வந்தது. ஆழத்தில் மெல்ல வரும் அலை ஆழமற்ற மணலில் ஏறும்போது நிமிர்ந்து நிற்கும். படகு அரையடி தூக்கி ‘தொம்’ என்று போடப்பட்டது. நாகர்கோவில் அண்ணன் அந்தக் கணத்தில் மறுநாள் படகில் வருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

வற்றம் முடிந்தது பன்னிரண்டரைக்கு. இரண்டேகால் வாக்கில் படகு மிதந்தது. அதற்குள் வடமேற்குக் காற்று ஏறிவிட்டது. இந்த ஆற்று வாயில் கோடைப் பிற்பகல்களில் அது அநேகமாகத் தவறாது. காற்றும் ஓட்டமும் எதிரெதிரே மோதினால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். எங்களுக்கு நல்ல காலம், ஏற்றம் தொடங்கியிருந்ததால் காற்றும் நீரும் ஒரே பக்கம் போயின. ஒரு மணி நேரத்தில் கரை சேர்ந்தோம். ஆற்றின் வாயை நோக்கி இன்னும் மேற்கே போயிருந்தால் கதை வேறு. கொலம்பியாவின் வாயிலுள்ள மணல் தடையில் 1792-லிருந்து சுமார் 2,000 கலங்கள் அழிந்ததாகக் கணக்கு. ‘பசிபிக்கின் இடுகாடு’ என்று அந்தப் பகுதிக்குப் பெயர். புதிதாகப் போகிறவர்கள் பாலத்துக்குக் கிழக்கேயே நின்றுகொள்வது உத்தமம்.

அன்றிரவு விடுதியில் தூக்கம் இல்லை. படகுத்துறையில் நூற்றுக்கணக்கான கடல் சிங்கங்கள் மேடைகளில் படுத்துக்கொண்டு விடிய விடியக் குரைத்தன. ஒன்பது மணிக்குப் பரங்கிப்பேட்டைக்கு அழைத்தேன். அங்கே ஞாயிறு காலை ஒன்பதரை. மாமா முகத்துவாரத்தில் நாற்பது வருடம் வலை போட்டவர். நான் பாலத்தின் நீளம், படகின் விலை, இயந்திரத்தின் குதிரைத்திறன் எல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். நடுவில் நிறுத்தினார்.

“அதெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளை. வற்றம் எத்தனை மணிக்கு?”

“பன்னிரண்டரைக்கு, மாமா.”

“நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வழிகாட்டியை முன்பே பேசி வைத்திருந்தோம். தலைக்கு இருநூறு டாலருக்குச் சற்று மேல், அன்பளிப்பு தனி. தூண்டில், இரை, படகு எல்லாம் அவருடையது. ஆட்களைப் பணத்துக்கு ஏற்றிச் செல்பவருக்குக் கடலோரக் காவல் படையின் உரிமம் இருக்க வேண்டும். கேட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம், நல்லவர்கள் கேட்காமலே காட்டுவார்கள். இதை முதல் நாளுக்கு வைத்துக்கொண்டு, கற்றதை வைத்து இரண்டாம் நாள் சொந்தப் படகில் போயிருக்க வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

அவர் முதலில் பார்த்தது எங்கள் உணவுப் பையை. உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. முகம் மாறிவிட்டது. படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் படாது என்பது அமெரிக்க மீன்பிடிக்காரர்களின் உறுதியான நம்பிக்கை. வாசலில் வாழை மரம் கட்டாமல் ஒரு நல்ல காரியமும் தொடங்காத எங்களிடம் இப்படி ஒரு சோதனை. விவாதிக்கவில்லை. பழம் காரிலேயே இருந்தது. முதல் நாள் எங்கள் படகிலும் வாழைப்பழம் இருந்தது என்பதை அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை.

கிளம்பிய நேரம் காலை ஐந்தரை. ஸ்டர்ஜனை இரவில் பிடிக்கத் தடை, வெளிச்சம் வந்த பிறகுதான் தூண்டில் நீரில் இறங்கலாம். குளிர் பன்னிரண்டு பாகை இருக்கும். ஜூன் மாதம்தானே என்று மெல்லிய சட்டையோடு வந்த மதுரைக்காரர் படகிலிருந்த மழைக்கோட்டைக் கடன் வாங்கிக்கொண்டார். ஓத அட்டவணையை வழிகாட்டி படித்த விதம் எனக்குப் புதிது. அட்டவணையிலுள்ள வற்றத்தின் நேரம் நீர்மட்டத்துக்கு உரியது. ஓட்டம் அந்த நிமிடத்தில் நின்றுவிடுவதில்லை. மலைப்பனி உருகி ஆற்றில் தண்ணீர் பெருகி வரும் ஜூனில், மட்டம் ஏறத் தொடங்கிய பிறகும் ஓட்டம் கடலை நோக்கியே இழுத்துக்கொண்டிருக்கும். அதோடு ஆற்று வாயிலிருந்து உள்ளே வர வர நேரம் தள்ளிப்போகும். எந்த இடத்துக்கான அட்டவணை என்று பார்க்காமல் படித்தால் ஒரு மணி நேரம் பிசகும். வெள்ளாற்றிலும் மழைக்காலத்தில் இதே கதைதான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது, பாதி தெரிந்தும் இருந்தது, அங்கே போய் உட்கார்ந்தபோது நினைவுக்கு வரவில்லை.

நங்கூரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. இந்த ஆற்றில் படகுகள் கவிழ்வதற்கு நங்கூரமும் ஒரு பெரிய காரணம். அதை எப்போதும் படகின் முன்பக்கமான அணியத்தில்தான் கட்ட வேண்டும். பின்பக்கமான அமரத்தில் கட்டினால் ஓட்டம் அமரத்தை அழுத்தி, தண்ணீர் உள்ளே ஏறிவிடும். கயிறு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் இருக்க வேண்டும். நங்கூரத்தை ஒட்டி சில அடிச் சங்கிலி வேண்டும், அது படுத்துக் கிடந்தால்தான் நங்கூரம் பிடிக்கும். இதெல்லாம் எங்கும் உள்ளதுதான். வழிகாட்டியிடம் கூடுதலாக இருந்தது, கயிற்றில் வளையத்தோடு கோத்த பந்துபோன்ற பெரிய மிதவை. பெரிய மீன் மாட்டினால் கயிற்றை ஒரே இழுப்பில் படகிலிருந்து விடுவித்துவிட்டு மீனோடு போய்விடலாம், மிதவை இடத்தைக் காத்துக்கொண்டிருக்கும். கிளம்பும்போதும் யாரும் குனிந்து கயிற்றை இழுப்பதில்லை. மிதவையை ஒரு பக்கமாக விட்டு நீரோட்டத்துக்கு எதிரே சாய்வாகப் படகை ஓட்டினால், வளையத்தின் வழியே கயிறு ஓடி நங்கூரம் தானாக மிதவைக்கு வந்துவிடும். கயிறு விசிறியில் சுற்றாதபடி ஒருவர் கண் அதிலேயே இருக்க வேண்டும். சேலத்துக்காரர் இதை மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவர் கொடுத்த இருநூறு டாலருக்கு அதுவே ஈடு என்பார்.

இரை, உப்பில் பதமாக்கிய நெத்திலியும் உயிருள்ள சேற்று இறாலும். அழகான நெத்திலிகள். ஒவ்வொன்றையும் முள்ளில் கோத்துச் சுருக்கிட்டுக் கட்டும்போது மதுரைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். முள் ஒற்றை முள், நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கூர் இல்லாதது. விதி அப்படி. இருக்கிற முள்ளானால் குறட்டால் நசுக்கிவிடலாம். ஈயக்குண்டு தூண்டில் நரம்பில் இறுக்கிக் கட்டப்படாமல் வழுக்கிக்கொண்டு நிற்கும், மீன் இரையை உறிஞ்சி நகரும்போது குண்டின் எடை அதற்குத் தெரியாது. கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை, ஓட்டத்துக்குத் தக்கபடி வழிகாட்டி குண்டை மாற்றினார். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை புது இரை. கலங்கல் நீரில் ஸ்டர்ஜன் கண்ணால் தேடுவதில்லை, மீசையாலும் மணத்தாலும் தேடுகிறது. ஊறி வெளுத்த நெத்திலிக்கு மணம் ஏது?

அரை மணி நேரம் ஒன்றும் படாவிட்டால் இடத்தை மாற்றிவிடுவார். இரண்டாவது இடத்தில், பத்தடி ஆழத்தில், தூண்டில் நுனி லேசாக ஆடியது. டக், டக். நான் பாய்ந்தேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். இதுதான் நாங்கள் முதல் நாள் செய்த இன்னொரு பிழை. நண்டு கிள்ளுவது ஒழுங்கில்லாத நடுக்கம். ஸ்டர்ஜன் முதலில் உறிஞ்சிப் பார்க்கும், துப்பும், திரும்ப உறிஞ்சும். அப்போது இழுத்தால் பல்லில்லாத வாயிலிருந்து முள் வழுக்கி வந்துவிடும். நுனி ஒரே சீராகத் தாழ்ந்து, தாழ்ந்தபடியே இருக்கும்போதுதான் தூக்க வேண்டும். இப்படிக் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கும்பகோணத்துத் தம்பி மனதுக்குள் பத்து வரை எண்ணினானாம். அவனுக்குத்தான் அன்று அதிகம் பட்டது.

மதியத்துக்குள் பதினொன்று பிடித்தோம். பெரும்பாலானவை மூன்றடிக்குள். இவற்றை இங்கே ‘ஷேக்கர்’ என்பார்கள். நீளத்தை வால் நுனி வரை அளப்பதில்லை, மூக்கு நுனியிலிருந்து வால் பிரியும் கவை வரை. ஒன்று மட்டும் பச்சை ஸ்டர்ஜன் என்று வழிகாட்டி சொல்லி, எங்களைத் தொடவிடாமல் அவரே விரைவாக விட்டுவிட்டார். அது தனி இனம். அதன் தெற்குப் பிரிவு 2006-லிருந்து அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

பெரியது பட்டது பத்தரை மணிக்கு, சேலத்துக்காரரின் தூண்டிலில். நுனி தாழ்ந்தது, தூக்கினார், ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடியில் ஏதோ மரத்தில் மாட்டிக்கொண்டது என்றே நினைத்தோம். பிறகு அந்த மரம் நடக்கத் தொடங்கியது. வழிகாட்டி மிதவையை விடுவித்தார், படகு மீனின் பின்னால் போயிற்று. அறுபது அடி தள்ளி நீர் பிளந்து முழு மீனும் வெளியே எழுந்தது. அத்தனை பெரிய, தரையோடு கிடக்கிற மீன் அப்படித் துள்ளும் என்று யார் எதிர்பார்த்தது? நரைத்த முதுகு, வெள்ளை வயிறு, விழுந்த சத்தம் கரையில் கேட்டிருக்கும். நாற்பது நிமிடத்தில் மூன்று பேர் கை மாற்றினோம். ‘விரைவாகக் கொண்டுவாருங்கள், நீண்ட நேரம் இழுத்தால் அது பிழைக்காது’ என்று அவர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். கனமான நரம்பும் உறுதியான கழியும் வேண்டும் என்பது அதற்காகத்தான். மெல்லிய நரம்பில் வெகுநேரம் ஆட்டம் காட்டுவது வீரம் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை.

படகோரம் வந்தபோது அளந்தார். ஆறரை அடி. மடியில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று தம்பி கையை நீட்டினான். கூடாது. அளவுக்கு மேற்பட்ட பெரிய மீனை நீரிலிருந்து தூக்குவது சட்டப்படி குற்றம். சட்டம் சும்மா இல்லை. குருத்தெலும்பு உடல், உள்ளுறுப்புகளுக்கு நீரே தாங்கல், தூக்கினால் தன் எடையே அதை நசுக்கும். செவுளில் விரல் படாமல், நீரிலேயே வைத்துக் குறட்டால் முள்ளை எடுத்தார். தலையை ஓட்டத்துக்கு எதிரே திருப்பிப் பிடித்துக்கொண்டார். செவுள் மூடித் திறந்தது. நான் அதன் முதுகுத் தகட்டில் கை வைத்தேன். அரம்போலச் சொரசொரப்பு. ‘உங்களில் சிலரைவிட இது மூத்ததாக இருக்கும்’ என்றார். அவர் கையிலிருந்து அது போனது. தள்ளவும் இல்லை, விடவும் இல்லை, அதுவாகப் போயிற்று.

மதுரைக்காரர் கேட்டார்: “இவ்வளவு இருக்கும்போது ஒன்றுகூடத் தின்னக்கூடாதா?”

நியாயமான கேள்வி. பதில் பழைய கணக்கில் இருக்கிறது. முன்பு சால்மன் வலைக்காரர்களுக்கு இது வலையைக் கிழிக்கும் தொல்லை, அடித்துப் போட்டார்கள். பிறகு முட்டைக்கும் இறைச்சிக்கும் கிழக்கே சந்தை வந்தது. 1892-ல் மட்டும் இந்த ஆற்றில் சுமார் 25 லட்சம் கிலோ பிடித்தார்கள். 1899-க்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. பெண் மீன் முதல் முட்டையிடவே இருபது வயதை ஒட்டி ஆகலாம், அதற்குப் பின்னும் ஆண்டுதோறும் இடுவதில்லை. ஏழெட்டு வருடத்தில் அழித்ததை மீட்கத் தலைமுறைகள் ஆயின. 1950-ல் ஆறடிக்கு மேற்பட்டதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வந்த பிறகுதான் தாய் மீன்கள் தப்பின. பெரியதை விட்டுச் சிறியதை எடு என்ற இந்த ஏற்பாடு நம் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர். மதுரைக்காரர் கேட்டுவிட்டு, “ஆறரை அடி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கரையில் நாகர்கோவில் அண்ணன் எங்களைவிட உற்சாகமாக இருந்தார். 1926-ல் கட்டிய ஆஸ்டோரியாத் தூணில் 164 படி ஏறி, உச்சியிலிருந்து அப்போது எல்லோரும் செய்ததைப் போல ஒரு மரத்தக்கை விமானத்தைப் பறக்கவிட்டிருக்கிறார். மேலிருந்து வற்றத்தில் டெஸ்டிமோனா மணல் முழுதும் தெரிந்ததாம். “நேற்று இங்கே ஏறிவிட்டுப் போயிருந்தால் தட்டியிருக்க மாட்டோம்” என்றார். அது உண்மை. புது ஆற்றில் படகு இறக்குவதற்கு முன், வற்றத்தின்போது உயரத்திலிருந்து ஒரு முறை பார்த்துவிட்டால் எந்த வரைபடமும் சொல்லாதது கண்ணில் பதிந்துவிடும்.

இன்னொரு செய்தியும் அவர்தான் கொண்டுவந்தார். நூறாண்டுக்கு முன் இந்த ஊரின் கிழக்கே ஒரு மர அறுவை ஆலையில் பஞ்சாபித் தொழிலாளர்கள் வேலை செய்திருக்கிறார்கள். 1913-ல் பின்லாந்துக்காரர்களின் சோஷலிச மன்றத்தில் கூடி, சோகன் சிங் பக்னாவைத் தலைவராக்கி, பின்னாளில் ‘கதர்’ (துணியல்ல, கிளர்ச்சி) கட்சி என்று பெயர்பெற்ற இயக்கத்தை அவர்கள் தொடங்கியது இந்த ஊரில்தான். பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதம் ஏந்தி விரட்டப் புறப்பட்டவர்கள் இந்த மழையிலும் மூடுபனியிலும் பலகை சுமந்தவர்கள். நாங்கள் எத்தனையோ முறை வந்து நண்டு தின்றுவிட்டுப் போன ஊர் இது. யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டுக்கான அட்டவணையைத் தம்பி திரும்பும் வழியிலேயே காரில் போட்டுவிட்டான். இந்த முறை முதல் பத்தி ஓதம். காலை வெளிச்சம், மிதமான வற்றம், காற்று எழுவதற்கு முன் கரை சேர நேரம், எல்லாம் பொருந்தும் நாளைத் தேடிக் கண்டுபிடித்தான். அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஐந்து பேரும் அலுவலகத்தில் விடுப்புக் கேட்க வேண்டும். சேலத்துக்காரர் அன்றிரவே விண்ணப்பித்துவிட்டார். காரணம் என்ற கட்டத்தில் ‘வற்றம், காலை 11.10’ என்று எழுதினாராம்.